வேலிப் பொட்டும் இருபது வருடத் திட்டமும்

ராசா,

மேசன் யோசேப்பரைத் திங்கட்கிழமை வரச் சொல்லி இப்போதுதான் திருப்பி அனுப்பினேன். பாவம், குருநகரிலிருந்து வெய்யிலில் சைக்கிள் மிதித்து வந்தவர். வளவின் பின்மூலையில் மதிலுக்கு அளவு பிடிக்கும் நூலின் ஒரு நுனியை வேலிக்கு நட்ட பூவரசங் கதியாலில் கட்டிவிட்டு, மற்ற நுனியைக் கையில் பிடித்தபடி, "ரீச்சர், எந்த இடத்தாலை பிடிக்கட்டும்?" என்று கேட்டார். காலமெல்லாம் வகுப்பறையில் கேள்வி கேட்டே பழகியவள் நான். "முதல்லை தேத்தண்ணி குடியுங்கோ" என்றேன். குடித்தார். கோப்பையை வாங்கி வைத்துவிட்டு, "திங்கட்கிழமை வாருங்கோ யோசேப்பர், நான் மகனுக்கு ஒரு கடிதம் எழுதவேணும்" என்றேன். "கடிதம் அங்கை போய்ப் பதில் வர மாரி துவங்கியிடும். அப்ப நான் திங்கட்கிழமை வரவோ, மாரிக்கு வரவோ?" என்று சிரித்துவிட்டு, கட்டிய நூலை அவிழ்க்காமலே போய்விட்டார். அது இப்போதும் கதியாலில் தொங்கிக்கொண்டு காற்றுக்கு ஆடுகிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

தைப்பொங்கலை ஒட்டி உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. நீ ஒரே உறைக்குள் போட்டு அனுப்பியிருந்த இரண்டையும், கிளாலிக் கடலேரியால் படகில் வந்த ஒருவர் கொண்டுவந்து தந்தார். ஒரு கடிதத்தில், ஆவணியில் உனக்குக் கலியாணம் என்றும், வசதி வந்ததும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வருவாய் என்றும், அதற்கு முன் வளவைச் சுற்றி நல்ல மதிலாகக் கட்டிவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். "ஆர் வாறது, ஆர் போறது எண்டு தெரியாமல் எங்கடை வளவு சந்தை மாதிரிக் கிடக்குது அம்மா" என்று ஒரு வரி. மற்றக் கடிதம் முழுவதும் நீ அங்கே ஒல்லாந்தில் படிக்கும் படிப்பைப் பற்றியது. ஒரு பிரதேசத்துக்கு நீண்ட காலத் திட்டம் போடும்போது வாகனத்தை முதலில் எண்ணக் கூடாது, நடப்பவரையும் சைக்கிளில் போகிறவரையும் முதலில் பார்க்க வேண்டும், பெரிய வீதியைக் கீறுவதற்கு முன் சனங்கள் உண்மையில் கால் வைத்து நடக்கும் வழிகளைக் கண்டுபிடித்துக் குறிக்க வேண்டும், குறித்ததைச் சனங்களுக்கே காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். வாசிக்க வாசிக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் பிள்ளை நான் படிப்பித்த பூமிசாஸ்திரத்தை என்னைவிட நன்றாக விளங்கிக்கொண்டான் என்று நினைத்தேன். இரண்டு கடிதங்களுக்கும் மனதுக்குள் ஓம் என்று சொல்லிவிட்டேன். ஒன்றுக்குச் சொன்ன ஓம் மற்றதற்கு இல்லை என்றாகும் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. எழுதிய உனக்கும் தோன்றியிருக்காது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீ வெளிநாடு போன அந்த வருடத்தில்தான் சண்டை மூண்டு ரயில் நின்றது. பெற்றோல் வருவது நின்று, பஸ்ஸும் ஏறக்குறைய இல்லை என்றானது. அதன் பிறகு இந்த ஊர் இரண்டு சில்லில்தான் ஓடுகிறது. நீர்வேலி வாழைக்குலை சந்தைக்குப் போவதும் சைக்கிளில், விறகு வருவதும் சைக்கிளில், மாப்பிள்ளை பெண் கோயிலுக்குப் போவதும் சைக்கிளில். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு நானும் சைக்கிள் பழகினேன் என்பதை உனக்கு இதுவரை எழுதவில்லை. வெட்கம். பழகிய அன்றைக்குப் பின்வளவு வேலியில் மோதி விழுந்து கிடந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நம் பூரணம் அக்கா எட்டிப் பார்த்து, தூக்கிவிட வருவதற்கு முன், "என்ன ரீச்சர், பூமி உருண்டை எண்டு இவ்வளவு காலமும் வாயாலை படிப்பிச்சியள். இப்ப உருண்டே காட்டுறியள்" என்றார். அவரை உனக்குத் தெரியும்தானே. கை தூக்கிவிடும்போதே வாய் தள்ளிவிடும். தூக்கிவிட வந்ததும் பொட்டால்தான்.

வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு விட்டிருக்கும் இடைவெளியை நாங்கள் பொட்டு என்று சொல்வது உனக்கு நினைவிருக்கும். உன் வருங்கால மனைவி அங்கேயே வளர்ந்த பிள்ளை என்று எழுதியிருந்தாய். அவளுக்கு நீ விளங்கப்படுத்த வேண்டியிருக்கும், அதனால் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நம் வீட்டுக்கு முன்னால் ஒழுங்கை இருக்கிறது. அது வளைந்து சுற்றிப் பருத்தித்துறை வீதியில் போய் ஏறும். ஆனால் நம் ஆட்கள் அவசரத்துக்கு ஒழுங்கையால் போவதில்லை. பூரணம் அக்காவின் பொட்டால் நம் வளவுக்குள் வந்து, கிணற்றடியைக் கடந்து, அடுத்த பொட்டால் சின்னத்துரை அண்ணையின் வாழைத் தோட்டத்துக்குள் இறங்கி, அங்கிருந்து இன்னும் சில வளவுகளைத் தாண்டினால் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் வந்துவிடும். ஒழுங்கையில் கேட்காத செய்தியும் பொட்டால் வரும், கறிவேப்பிலையும் வரும், கோபித்துக்கொண்ட மருமகளும் வருவாள். ஆனால் இதில் ஒரு முறை இருக்கிறது. வருடம் ஒரு தரம் தென்னோலைக் கிடுகு மாற்றி வேலி அடைக்கும்போது எல்லோரும் பொட்டையும் சேர்த்து அடைத்துவிடுவோம். காணிக்காரர் தடுக்காமல் நெடுங்காலம் சனம் நடந்தால் அது வழி உரித்தாகிவிடும் என்று பயம். அடைத்து ஒரு கிழமை போவதற்குள் அது திரும்பவும் திறந்திருக்கும். யார் திறந்தது என்று யாரும் கேட்பதில்லை. அடைத்தவரும் கேட்பதில்லை. நான் கலியாணம் முடித்து இந்த வளவுக்கு வந்த காலத்திலிருந்து இப்படித்தான். இதைப் பற்றி ஒரு நாள்கூட யோசித்துப் பார்த்ததில்லை. அதுதான் வினை.

சமாதானப் பேச்சு நடந்து துவக்குச் சத்தம் ஓய்ந்திருக்கிற இந்த மாதங்களில் எங்கே பார்த்தாலும் திட்டக் கதைதான். நிர்வாகத்தார் இந்தப் பகுதி முழுவதற்கும் இருபது வருடத்துக்குப் போக்குவரத்துத் திட்டம் ஒன்று எழுதுகிறார்கள், ஒவ்வொரு ஊரும் தன் பகுதியைப் படம் கீறிக் கொடுக்க வேண்டும் என்று நம் வாசிகசாலைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வாசிகசாலைத் தலைவர் பென்ஷன் எடுத்த போஸ்ற்மாஸ்ரர். அவர் என்னை அழைத்தார். கூட்டத்துக்குப் போனால் அங்கே ஒரே குழப்பம். ஒருவர் ரயில் வந்துவிடும், அதற்கு எழுதுவோம் என்றார். இன்னொருவர் காங்கேசன்துறையிலிருந்து கப்பலே வரும் என்றார். பெற்றோல் வந்த மறுநாளே இவ்வளவு சைக்கிளும் பழைய இரும்புக்குப் போய்விடும், சைக்கிளுக்கு வீதி எழுதுவது வீண் என்று ஒரு பெடியன் சொன்னான். சின்னத்துரை அண்ணை எழும்பி, "தம்பி, பெற்றோல் வாறபோது வரட்டும். வாழைக்குலை கட்டின ரண்டு சைக்கிள் எதிரும் புதிருமாய் வந்தால் விலத்திப் போறதுக்கு எவ்வளவு அகலம் வேணும்? முதல்லை அதை எழுதுங்கோ ரீச்சர். நேற்றும் ஒருத்தன் வந்து என்ரை குலையிலை மூஞ்சியைக் குத்தினவன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ அது சரியான அளவு என்றே பட்டது. ஆனால் இருபது வருடம் கழித்து இங்கே யார் இருப்பார்கள், அவர்கள் எதில் போவார்கள் என்று நினைக்கத் தொடங்கியதும் தலை சுற்றியது. வருகிற மாரிக்குக் கூரைக்குக் கிடுகு வேண்டுமா என்றே முடிவு செய்யாமல் இருக்கிற சனம் நாங்கள். எங்களிடம் இருபது வருடத்தைக் கேட்டால் என்ன சொல்வது?

அப்போதுதான் உன் இரண்டாவது கடிதம் கைகொடுத்தது. வரப்போவதை எங்களால் சொல்ல முடியாது, இப்போது சனம் கால் வைக்கும் வழியையாவது சரியாகக் குறிப்போம் என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நானே நடந்து நடந்து படத்தைக் கீறினேன். ராசா, அந்த நாட்களில் எனக்கு இருந்த உற்சாகத்தை என்னவென்று சொல்ல! ஒழுங்கைகளைக் கறுப்பு மையால் கீறினேன். பொட்டு வழியைச் சிவப்பு மையால் கீறினேன். கீறி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், கறுப்புக் கோடுகளைவிடச் சிவப்புக் கோடுகளே ஊரைச் சரியாகக் காட்டின. கறுப்புக் கோடு காணிகளைப் பிரித்தது, சிவப்புக் கோடு வீடுகளைச் சேர்த்தது. சின்னத்துரை அண்ணையின் வாழைகளுக்கிடையில் அந்தக் கோட்டைக் கீறும்போது உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன். எண்பத்தேழு ஐப்பசியில் சண்டையால் வீதிகள் எல்லாம் அடைபட்டு, வெளியில் தலை காட்ட முடியாத அந்த நாட்களில் உன் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது, சாய்மனைக் கதிரையில் வைத்து இந்த வழியால்தானே கொண்டுபோனோம். கதிரையின் பின்காலை நீ பிடித்திருந்தாய். ஒவ்வொரு வேலியிலும் நாங்கள் போய்ச் சேரும் முன்பே யாரோ மட்டையைப் பிடுங்கிப் பொட்டைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். நாய்கள்கூடக் குரைக்கவில்லை, எங்களை அவற்றுக்குத் தெரியும். அப்பா அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் எங்களோடு இருந்தார். அந்த ஒன்றரை வருடம் இந்தச் சிவப்புக் கோடு தந்தது என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய உதவியை இருபது வருடத் திட்டத்தில் ஏற்றாவிட்டால் வேறு எதை ஏற்றுவது? பொட்டெல்லாம் அகன்று, ஒரு சைக்கிள் பாதையாகி, அதில் உன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதாகவே கற்பனை பண்ணிவிட்டேன்.

நீ எழுதியபடியே ஞாயிற்றுக்கிழமை படத்தை வாசிகசாலைச் சுவரில் தொங்கவிட்டோம். சனம் திரண்டு வந்தது. நான் எதிர்பார்த்தது, எல்லோரும் ஊரைப் பார்ப்பார்கள் என்று. ஒவ்வொருவரும் தன் வளவைத்தான் தேடினார்கள். கண்டுபிடித்ததும் முகம் மாறியது. பூரணம் அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். "உதென்ன ரீச்சர் சிவத்தக் கோடு, என்ரை வளவுக்குள்ளாலை?" என்றார். "உங்கடை பொட்டு அக்கா" என்றேன். "எங்கடை வேலியிலை எங்கை பொட்டு? அது நாய் போற வழியெல்லோ!" என்றார். அன்று காலையில்கூட அந்த வழியால் வந்து என்னிடம் தேங்காய்த் துருவலை வாங்கிப்போனவர் அவர். அடுத்து நின்றவரும் தன் வேலியில் இருப்பது நாய்ப் பொட்டுத்தான் என்றார். அதற்கடுத்தவர், தன் வீட்டில் நாயே இல்லை, அதனால் பொட்டும் இல்லை என்றார். சின்னத்துரை அண்ணை மட்டும் தன் தோட்டத்தின் மேலே போன கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வெளியே போனார். போஸ்ற்மாஸ்ரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்து, "அப்ப நாங்கள் இருபது வருசத் திட்டம் எழுதுறது நாயளுக்குத்தான் போலை" என்றார். நானும் சிரித்தேன். மறுநாள் காலையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூரணம் அக்காவின் பொட்டில் புதுப் பனைமட்டை வரிந்து கட்டியிருந்தது. சின்னத்துரை அண்ணையின் பக்கம் இலந்தை முள். அப்படியே ஆஸ்பத்திரிப் பின்பக்கம் வரைக்கும் எல்லா வேலியும் ஒரே நாளில் அடைபட்டுவிட்டது. ஷெல் விழுந்த காலத்திலும் மூடாத வழியை என் சிவப்பு மை மூடிவிட்டது.

கோபம்தான் முதலில் வந்தது. என்ன சனம் இது, நடக்கிற வழியை நடக்கிறோம் என்று சொல்லப் பயப்படுகிற சனம் என்று. அதன் பிறகு உன் அப்பாவின் நினைவு வந்தது. இதை உன் கலியாணத்துக்கு முன் உனக்குச் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் கலியாணம் செய்த புதிதில், நான் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தமாவதற்கு முன், உன் அப்பா கிணற்றில் தண்ணீர் அள்ளித் தொட்டியை நிரப்பிவிட்டுப் போவார். அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் பெண்சாதிக்குத் தண்ணீர் அள்ளுகிற ஆம்பிளையை ஊர் சும்மா விடாது. ஒரு நாள் அவரது தமக்கை வந்திருந்தபோது, பெருமை தாங்காமல், "மச்சாள், உங்கடை தம்பிதான் எனக்குக் குளிக்கத் தண்ணி அள்ளித் தாறவர்" என்று சொல்லிவிட்டேன். உன் அப்பாவும் அங்கேதான் நின்றார். மறுநாள் தொட்டி காய்ந்து கிடந்தது. அடுத்த நாளும் காய்ந்து கிடந்தது. நானும் கேட்கவில்லை. மச்சாள் ஊருக்குத் திரும்பிப் போய்ச் சில நாளில் தொட்டி மறுபடியும் நிறைந்திருந்தது. சில அன்பு, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழும்பிப் போய்விடும். இதை உனக்குப் புத்திமதியாக எழுதிவிட்டுத் திரும்ப வாசித்தால் எனக்கே சந்தேகம் வருகிறது. சொல்லாமல் விட்டதால் கெட்டுப்போன வீடுகளும் எனக்குத் தெரியும். அள்ளுகிறவர் ஒரு நாள் நிறுத்திவிட்டால், ஏன் என்று கேட்க வாயில்லாமல் நிற்பது யார்? நான்தானே நின்றேன். அதனால், உன் பெண்ணிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் செய்வது என்று நீயே பார்த்துக்கொள். எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பொட்டுகள் அடைபட்டதில் முதலில் வதைபட்டவள் பூரணம் அக்காவின் மருமகள் வசந்தி. நிறைமாதம். நம் வளவால் போனால் கிளினிக்குக்குச் சின்ன நடை. இப்போது ஒழுங்கையெல்லாம் சுற்றி, பெரிய வீதியில் ஏறி, மண்ணெண்ணெயில் ஓடுகிற லொறிகள் புகை கக்கிக்கொண்டு வருகிற வழியில் போக வேண்டும். ஒரு மத்தியானம் நம் கேற்றடியில் வந்து படியில் அப்படியே இருந்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தேன். "ரீச்சர், உங்கடை கிணத்தடி எனக்கு எங்கடை அடுப்படியிலை இருந்து தெரியுது. அதைப் பாத்துக்கொண்டு இவ்வளவு தூரம் சுத்தி வாறன்" என்றாள். மாமியிடம் சொல்லக் கூடாதா என்றேன். "சொன்னனான். தான் மட்டும் திறந்தால் தன்ரை காணிதானாம் றோட்டாப் போகும். முதல்லை சின்னத்துரை அண்ணை திறக்கட்டுமாம்" என்றாள். சின்னத்துரை அண்ணையைக் கேட்டேன். அவர் தனக்கு அடுத்த வளவுக்காரர் திறக்கட்டும் என்றார். ஒவ்வொருவரும் மற்றவரின் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் போய்ப் பிடுங்கலாம் என்றால், கோடு கீறியதே நான். நான் தொட்டால் ரீச்சர் றோட்டு வெட்டத் தொடங்கிவிட்டா என்றுதான் கதை வரும். படம் வாசிகசாலைச் சுவரில் தொங்கியது. வசந்தி சுற்றி நடந்தாள்.

அவளுக்கு வலி வந்தது போன கிழமை, வெய்யில் சாயத் தொடங்கிய நேரம். நான் கிணற்றடியில் நின்றேன். வேலிக்கு அந்தப் பக்கம் பூரணம் அக்காவின் குரல், அந்தக் குரலில் பகிடி இல்லை. "ரீச்சர்! ரீச்சர்! கத்தி கிடக்கே?" நான் ஓடிப்போய்க் கத்தியை எடுத்தேன். அவர் அந்தப் பக்கத்தால் மட்டையை இழுக்க, நான் இந்தப் பக்கத்தால் கட்டுகளை அறுத்தேன். "எப்பிடி இறுக்கிக் கட்டியிருக்கிறியள் அக்கா!" என்றேன் மூச்சு வாங்க. "நீங்கள் கீறின கீறலுக்கு இறுக்காமல் என்ன செய்யிறது? கதையாமல் வெட்டுங்கோ" என்றார். சைக்கிளின் கரியரில் வசந்தியை இருத்தி, அவள் புருஷன் முன்னால் பிடித்து உருட்ட, நாங்கள் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டு நம் வளவைக் கடந்தோம். சின்னத்துரை அண்ணையின் வேலிக்குப் போய்ச் சேர்ந்தால் முள்ளை எல்லாம் இழுத்துப் போட்டுவிட்டு அவரே நின்றார், கை முழுவதும் இரத்தக் கீறல். "வாழையிலை முட்டாமல் வளைச்சு எடுங்கோ, இல்லை, முட்டினாலும் பரவாயில்லை, கெதியாய் எடுங்கோ" என்றார். அதற்கடுத்த வேலியும் திறந்திருந்தது. நாய் இல்லாத வீட்டுக்காரர் இரண்டு கதியாலையே பிடுங்கி வைத்திருந்தார். நாங்கள் போகப் போக வழி எங்களுக்கு முன்னால் திறந்துகொண்டே போனது. எனக்கு அந்தக் கதிரையின் பாரம் கையில் ஏறியதுபோல் இருந்தது. பொழுதுபடும் முன் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

இதை ஊரே கண்டுவிட்டது, இனி யாரும் மறுக்கமாட்டார்கள் என்று எண்ணினேன். குழந்தையைப் பார்க்கப் போனேன், அந்தப் பொட்டாலேயே. பூரணம் அக்கா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "அக்கா, இப்ப அந்தக் கோடு படத்திலை இருக்கலாம்தானே?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "என்ன ரீச்சர், விசரே? பொட்டு இருக்கட்டும். படத்திலை வேண்டாம்" என்றார். "படத்திலை இல்லாட்டி, நாளைக்கு ஒருத்தர் மதில் கட்டினால் என்ன செய்வியள்?" என்றேன். "ஆர் கட்டப் போகினம்?" என்று கேட்டுவிட்டு, நான் குனிந்து குழந்தையின் துணியைச் சரிசெய்ததைக் கண்டு, "ஓ! உங்கடை பெடியன் எழுதியிருக்கிறானோ?" என்றார். பிறகு, தன் இளைய மகனும் சுவிஸிலிருந்து மதிலைப் பற்றி எழுதியிருப்பதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து புதிதாக ஒரு படம் கீறினேன். கறுப்பு மை மட்டும். வாழைக்குலைச் சைக்கிள்கள் விலத்திப் போக ஒழுங்கைகளை அகலமாக்க வேண்டும், பெரிய வீதியோரம் நடப்பவருக்குத் தனி வழி வேண்டும், பள்ளிக்கூடத்தடியில் மர நிழல் வேண்டும் என்றெல்லாம் எழுதினேன். எல்லாம் நல்ல விஷயங்கள். சிவப்புக் கோடு இல்லை. போஸ்ற்மாஸ்ரர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ரீச்சர், படம் வடிவாய்க் கிடக்குது. ஆனால் பிழையெல்லோ?" என்றார். "ஓம்" என்றேன். ஒரு பிழையான படத்தைச் சரி என்று கையெழுத்து வைத்துக் கொடுத்தது என் சீவியத்தில் இதுதான் முதல் தடவை. மாணவர்கள் ஆற்றைக் கொஞ்சம் தள்ளிக் கீறினாலே புள்ளி வெட்டியவள் நான். படம் போய்விட்டது. வேலிகளில் பொட்டு இருக்கிறது. நான் செய்தது சரியா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, ராசா. கோடு இருந்தால் வேலி அடைபடும். கோடு இல்லாவிட்டால் மதில் வரும்போது, இந்த இடத்தில் ஒரு வழி இருந்தது என்று சொல்ல ஒரு சாட்சியும் இராது. வேலி என்றால் கத்தி எடுத்து வெட்டலாம். வழி இல்லை என்று சொல்லிக்கொண்டே ஆளை விடவும் வேலிக்குத் தெரியும். மதிலுக்கு அது தெரியாது. உன் வகுப்பில் கேட்டுப் பார். ஒல்லாந்தர் இங்கே ஆண்டபோது நம் காணிகளைத் தோம்புப் பதிவேட்டில் எழுதி வைத்தவர்கள், எழுதுவதைப் பற்றி அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். யாருடையதும் அல்லாத, யாரும் தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளாத, ஆனால் எல்லோரும் நடக்கிற ஒரு வழியைத் திட்டத்தில் எந்த நிற மையால் கீறுவது என்று கேள். அவர்களிடம் விடை இருந்தால் எழுது. நான் புதுப் படம் ஒன்று கீறித் தருகிறேன்.

உன் மதிலுக்கு மட்டும் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். இதை எழுதத் தொடங்கும்போது அது இருக்கவில்லை. ஒழுங்கைப் பக்கம் யோசேப்பர் மதில் கட்டட்டும். கல்லும் சுண்ணாம்பும் இருக்கிறது, சீமெந்து கிடைக்கும்போது மேல்பூச்சுப் பூசலாம். உன் பெண் வந்து இறங்கும்போது வாசல் நன்றாக இருக்கத்தான் வேண்டும். இரண்டு பக்கமும் பின்னாலும் நான் இருக்கும் மட்டும் வேலிதான். எனக்குப் பிறகு காணி உன்னுடையது. அப்போது நீ திட்டம் படித்தவனாக யோசிப்பாயா, காணிக்காரனாக யோசிப்பாயா என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். கோபிக்காதே. ஒரே உறைக்குள் இரண்டு கடிதமும் அனுப்பியவன் நீதானே.

மாரி முடிந்ததும் வழக்கம்போல் வேலி அடைப்போம், பொட்டையும் அடைப்போம். நானே கட்டுவேன், இறுக்கித்தான் கட்டுவேன். அதற்குப் பிறகு ஒரு கிழமை பின்பக்கம் போகமாட்டேன். நீங்கள் இரண்டு பேரும் எப்போது வந்தாலும் புது வாசலால் ஆரத்தி எடுத்து உள்ளே கூட்டிவருவேன். ஆனால் மறுநாள் காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு பின்னால் போ. பூரணம் அக்கா வீட்டிலிருந்து தொடங்கி ஆஸ்பத்திரிப் பின்பக்கம் வரைக்கும் நடத்திக் காட்டு. குனிந்து வரச் சொல்லு, பட்டுச் சேலை முள்ளில் மாட்டும். இதுதான் வழி என்று மட்டும் வாய் திறந்து சொல்லிவிடாதே. இந்தக் கடிதத்தைக் கொண்டுபோக ஆள் கிளாலிக்குப் புறப்படுகிறார். நான் போய் அந்த நூலை அவிழ்க்க வேண்டும்.

அம்மா